தர்மண்ணனின் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி

தர்மண்ணனை வண்டியில் ஏற்றுவது சுலபம், உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. வழியில் எங்கே டீக்கடையைப் பார்த்தாலும் "மாரி, ரெண்டு நிமிஷம் ஓரங்கட்டு" என்பார். டீக்கு இல்லை, பேப்பருக்கு. வண்டிக்குள் இருக்கும் மற்ற பெற்றோர்கள் கோழிக்குழம்புத் தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் முறைப்பார்கள். நான் ஹாரனில் கையை வைத்து அழுத்துவேன். அவர் கடைக்காரரோடு ஒரு வாய்ச்சண்டையை முடித்துவிட்டு வந்து, அதே சண்டையை எங்களோடு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் மாரியப்பன். அரூர் பக்கத்தில் ஆம்னி வேன் வைத்து ஓட்டுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எனக்கு நிலையான சவாரி. எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலுமாக ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பொட்டல் காட்டில் நாலு மாடி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர், வாசலில் போன வருஷம் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படம். அந்த ஒரு ஞாயிறு மட்டும் பெற்றவர்கள் உள்ளே போகலாம். வேப்பமரத்தடியில் துணியை விரித்து, பிள்ளைக்குச் சோறு போட்டு, பேன் பார்த்து, மணி அடித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். டி.வி. கிடையாது, பேப்பர் கிடையாது, போன் கிடையாது. அதைத்தான் பெருமையாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் போய் விழுகிறோம்.

தர்மண்ணன் ஒன்பதாவதோடு நின்றவர். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மரவள்ளி, ஒரு பசுமாடு. வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் செய்தி. விடிந்ததும் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து, தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து வரன் விளம்பரம் வரைக்கும் சத்தமாகப் படிப்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். மகள் காவியா எழுத்துக் கூட்டப் பழகியதும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சு மேல் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னார். அவள் அமைச்சர் பெயரையெல்லாம் கடித்துத் துப்புவாள், நாங்கள் சிரிப்போம். படித்து முடித்ததும் அவர் ஏதாவது கேட்பார், அவளும் ஏதாவது சொல்வாள். ஒருநாள் "பால் விலையை ஏத்தினா மாட்டுக்கு என்னாப்பா கிடைக்கும்?" என்று கேட்டாள். அதை அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

விடுதியில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர் மனைவி கனிமொழி அக்கா. மகளை டாக்டராக்கிப் பார்க்க ஆசை. அக்கா ஒன்றை நினைத்துவிட்டால் தர்மண்ணன் பேச்சு எடுபடாது. அவரும் சரி என்றார். சரி என்று சொன்ன நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நிலாவின் தென்பக்கம் நம் நாட்டு விண்கலம் இறங்கிய சமயம் அது. காவியா அப்போது எட்டாவது. ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியது. அடுத்து வந்த இரண்டாம் ஞாயிறு வேப்பமரத்தடியில் மகளிடம் அதைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "அந்த நேரத்துல எங்களுக்கு ஸ்டடி ஹவர்ப்பா" என்றாள். மனிதர் சோற்றுக் கையோடு எழுந்துபோய்த் தாளாளர் ஜெயபாலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நிலாவுல இறங்கினது சயின்ஸ் இல்லீங்களா?"

ஜெயபால் சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "சயின்ஸ்தாங்க. ஆனா பாடத்துல இல்லை. அடுத்த வருஷம் புஸ்தகத்துல போட்டாங்கன்னா கண்டிப்பா நடத்துவோம்" என்றார்.

தேர்தல் வந்தபோதும் இதே கதை. ஓட்டுப் போட ஊரே வரிசையில் நிற்கிறது, நாளைக்கு ஓட்டுப் போடப் போகிற பிள்ளைகளுக்கு அன்றைக்கு எதற்கு லீவு என்றுகூட யாரும் சொல்லவில்லை என்று வண்டியில் வழியெல்லாம் புலம்பினார். எனக்கு எரிச்சல்தான். "மார்க்கு வருதுல்லண்ணா, அப்புறம் என்னா? செய்தி எங்க ஓடிடப் போவுது?" என்றேன். என் பையனும் அங்கே படித்து மார்க் வாங்கிக் கல்லூரிக்குப் போனவன், அந்தத் திமிர் எனக்கு. "நீ ஸ்டேரிங்கைப் பாருடா" என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிறுதோறும் மாலையில் விடுதியிலிருந்து போன் வரும். வார்டன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே நிற்பார். உடம்பு, சாப்பாடு, படிப்பு, இது மூன்றும்தான் பேசலாம். தர்மண்ணன் மூன்றையும் ஒழுங்காகப் பேசிவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டுப் போனை வைத்துவிடுவார். "நல்லா சாப்பிடு, ஒகேனக்கல்ல தண்ணி ஏறி பரிசல் ஓட்டறதை நிறுத்திட்டாங்க, வெச்சிடறேன்." வார்டன் வாயைத் திறப்பதற்குள் லைன் போயிருக்கும். கனிமொழி அக்கா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் காவியா அந்த ஒரு வரியை வாரம் முழுக்க மென்று வைத்திருந்து, அடுத்த ஞாயிறு, "அந்தப் பரிசல்காரங்கல்லாம் சோத்துக்கு என்னாப்பா பண்ணுவாங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அவர் ஒவ்வொரு வாரமும் காத்திருப்பார்.

இங்கே இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாராவது செத்துப்போனால், பரீட்சை நேரமாக இருந்தால், விடுதியில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. இது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடமும் கேட்காது, பெற்றவர்களும் சொல்லமாட்டார்கள். போன வருஷம் காவியாவின் தோழி சுமித்ராவுக்கு அப்படித்தான் நடந்தது. சித்தேரி மலைப் பெண். அப்பா மல்லையன் சாமை வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை. ஏதோ கலெக்டர் பரீட்சை மாதிரி எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பரீட்சை முடிந்து என் வண்டியில்தான் அந்தப் பெண்ணை மலைக்குக் கூட்டிப் போனோம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டு வாசலில் அம்மா வெறும் நெற்றியோடு நின்றதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. "எடுத்துட்டீங்களா, நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்களா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது தர்மண்ணனும் என் பக்கத்தில் இருந்தார். "பாவம்தான். ஆனா படிப்பு கெட்டுடக் கூடாதுல்ல, சொல்லாம வெச்சதும் சரிதான்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இந்த வருஷம் கார்த்திகையில் அந்த மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்தாலும் பரவாயில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஏறுகிறது என்று பேச்சு வந்து, கரைக்கு மணல் மூட்டை கொண்டுபோவதற்குள் எங்கள் ஊர் ஏரி உடைந்தது. பட்டப்பகலில், கண்ணெதிரில். மஞ்சள் காட்டில் இடுப்பளவு தண்ணீர், அது வடிந்ததும் முழங்கால் அளவு மணல். கீழத்தெருவில் பாதி வீட்டுக்குச் சுவர் இல்லை. ஜனமெல்லாம் அரசு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். தர்மண்ணன் வீடு மேட்டில் இருந்ததால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டுக்கொட்டகை மட்டும் பள்ளத்தில். கனிமொழி அக்கா மாட்டை அவிழ்த்துவிட ஓடினார். கட்டை அவிழ்த்து மாட்டை விரட்டிவிட்டார், அவர் வெளியே வருவதற்குள் மண்சுவர் ஊறி மேலே விழுந்தது. இடுப்பும் ஒரு கையும் உடைந்து, தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் போட்டார்கள். என் வண்டியில்தான் தூக்கிப் போனோம். வழியெல்லாம் அக்கா கத்தவில்லை. "காவியாவுக்குத் தெரியக் கூடாது, அரைப்பரீட்சை முடியட்டும்" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிறு போன் வந்தபோது நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அக்கா ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தார். தர்மண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். "அம்மா கொல்லையில வேலையா இருக்கா. நல்லா சாப்பிடு. நல்லா படி. வெச்சிடறேன்." வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

அடுத்த ஞாயிறும் அக்கா பேசவில்லை. "என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுடுவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குக் காவியா அவளாகவே ஒன்று சொன்னாள். "சோசியல்ல பேரிடர் பாடத்துல கேள்வி வந்துச்சுப்பா. வெள்ளம் பத்தி. நல்லா எழுதியிருக்கேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். தர்மண்ணன் "நல்லதும்மா, நல்லா படி" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகுதான் பிடித்தது அவருக்கு வேகம்.

"மாரி, பார்த்தியாடா? ஊரே தண்ணியில மிதக்குது. எம்பொண்ணு வெள்ளத்தைப் பத்தி மனப்பாடம் பண்ணி எழுதிட்டு உக்காந்திருக்கா. அந்த ஸ்கூல்ல எத்தனை புள்ளைங்க இந்தப் பக்கத்து ஊரு? ஒருத்தனாச்சும் கூப்பிட்டு வெச்சு, இப்பிடி மழை, இந்தந்த ஊர்ல ஏரி உடைஞ்சிருக்குன்னு சொன்னானா? இதைவிட என்னாடா பாடம்? நாளைக்கே போறேன். வண்டியை எடு."

எனக்கும் கோபம் வந்தது. "நீங்க என்னா சொன்னீங்கண்ணா இப்ப? அக்கா கொல்லையில இருக்குதுன்னு சொன்னீங்க."

"அது வூட்டு விசயம்" என்றார். "ஊரு மூழ்கினது செய்தி. செய்தியைப் பள்ளிக்கூடம் சொல்லணும்."

இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கோர்ட்டிலும் கேட்கமுடியாது. ஆனால் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கண் சிவந்து கிடந்த மனிதரிடம் என்ன வாதாடுவது? மறுநாள் காலையில் வண்டியை எடுத்தேன். பரீட்சையைச் சொல்லி அந்த மாதத்து இரண்டாம் ஞாயிறையும் பள்ளியில் ரத்து செய்திருந்தார்கள், அன்றைக்கோ திங்கட்கிழமை, வாசலிலேயே காவலாளி மடக்கினார். தர்மண்ணன் கேட்டைப் பிடித்து ஆட்டிய ஆட்டத்தில் தாளாளரே எட்டிப் பார்த்து உள்ளே விடச் சொன்னார்.

ஜெயபால் சார் எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். தர்மண்ணன் நின்றுகொண்டே பேசினார். ஏரி, மணல், கீழத்தெரு, எல்லாவற்றையும் கொட்டினார். "இதுல ஒரு வார்த்தை உங்க பசங்களுக்குத் தெரியுமாங்க?" என்றார்.

"தெரியாதுங்க. தெரிய வேண்டாம்னுதான் வெச்சிருக்கோம்" என்றார் அவர், பொறுமையாகவே. "நூறு புள்ளைங்க அழ ஆரம்பிச்சா நான் எப்பிடிங்க பரீட்சை வைக்கிறது? போன் பண்ற பெத்தவங்கல்லாம் என்கிட்ட என்னா சொல்றாங்க தெரியுமா? சொல்லிடாதீங்க சார், சொல்லிடாதீங்க சார்னுதான். நீங்க ஒருத்தர்தான் ஏன் சொல்லலைன்னு கேட்டு வந்திருக்கீங்க."

ஜெயபால் சார் அவரைச் சமாதானப்படுத்த நினைத்தார் போலிருக்கிறது. மணி அடித்து, காவியாவின் சமூக அறிவியல் விடைத்தாளை வரவழைத்து மேசையில் வைத்தார். "பாருங்க, உங்க பொண்ணுதான் வகுப்புல முதல். வெள்ளம் பத்தின கேள்விக்கு முழு மார்க்."

பேப்பரைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? எடுத்தார். டீக்கடையில் படிக்கிற அதே குரலில் சத்தமாகப் படித்தார். "வெள்ளத்தின்போது செய்ய வேண்டியவை. வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்." நிறுத்தித் தலையைத் தூக்கினார். "இங்க எங்கங்க ரேடியோ இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். தர்மண்ணனுக்கு ஜெயித்த தெம்பு வந்தது. குரலை இன்னும் ஏற்றினார். "மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும். கால்நடைகளைக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட..."

அதற்கு மேல் படிக்கவில்லை. விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டு, மடங்கியிருந்த அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "எம்பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

"நீங்களே சொல்லிக்குவீங்களா?"

"நானே சொல்லிக்கறேன்."

காவியா வந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பின்னால் என்னைப் பார்த்தாள். அறைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். ஞாயிறும் இல்லை, தூக்குப் பாத்திரமும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பெண் முகத்தில் பயமே தெரியவில்லை. பயந்து முடித்துவிட்ட முகம் அது.

"அம்மா எப்போ செத்துச்சுப்பா?" என்று கேட்டாள். தர்மண்ணன் வாயைத் திறப்பதற்குள், "எடுத்துட்டீங்களா?" என்றாள்.

நான் இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறேன், விபத்தெல்லாம் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். தர்மண்ணன் "இல்லம்மா, இல்லடி, அம்மா இருக்கா, இருக்கா" என்று உளறிக்கொண்டு போய் அவளைப் பிடித்தார். அவள் நம்பவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டாள். சுமித்ராவிடமும் காய்ச்சல் என்றுதானே சொன்னார்கள்.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டேன். அக்காவின் தங்கை செல்லி எடுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். கையில் மாவுக்கட்டோடு கனிமொழி அக்கா தெரிந்தார். மகளைப் பார்த்ததும் என்னைத்தான் முதலில் வைதார், பிறகு புருஷனை. "பரீட்சை முடியிறதுக்குள்ள எதுக்குடா அவகிட்ட போய்ச் சொன்னீங்க" என்று திட்டிக்கொண்டே அழுதார். அம்மா திட்டுவதைக் கேட்ட பிறகுதான் காவியா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜெயபால் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

போனை வைத்தபின் தர்மண்ணன் மகள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "யாரும்மா உனக்கு அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"மழை பெஞ்சுட்டே இருந்துச்சு. அம்மா பேசல." மூக்கை உறிஞ்சினாள். "நீ ஒரு நாளும் செய்தி சொல்லாம போனை வெச்சதில்லப்பா. அன்னிக்கு நல்லா படின்னு சொல்லிட்டு வெச்சுட்ட. அப்பவே தெரிஞ்சுடுச்சு. அடுத்த வாரம் நானே வெள்ளம்னு ஆரம்பிச்சேன். அப்பவாச்சும் சொல்லுவியான்னு பார்த்தேன். அப்பவும் நல்லா படின்ன."

அவர் துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைக்கப் போனார், அவள் திருப்பிக்கொண்டாள்.

"அந்தக் கேள்விக்கு எழுதும்போது நம்ம வூடு மேட்டுலதானே இருக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் எழுதினேன்" என்றாள். "கொட்டகை பள்ளத்துல இருக்கறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அடுத்த பரீட்சைக்கு மணி அடித்தது. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் ஜெயபால் சார், அவராகவே. காவியா வேண்டாம் என்றாள். இருக்கிற பரீட்சையை எழுதிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். அப்பாவை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் தர்மண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முதல் டீக்கடை வந்தது, ஓரங்கட்டச் சொல்லவில்லை. இரண்டாவது வந்தது. நானே ஓரங்கட்டி நிறுத்தினேன். வாசலில் கம்பியில் தொங்கிய பேப்பர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் பக்கத்து மழைச் சேதம்தான் முதல் பக்கம்.

"இறங்கலையாண்ணா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "நல்லா படின்னுதானே மாரி சொன்னேன்?" என்றார்.

நான் வண்டியை எடுத்தேன்.